சொதியை ஒளித்துவைக்காதீர்கள்

கடல் கடந்து வாழும் நெல்லைச் சீமைச் சொந்தங்களுக்கு ஒரு திறந்த மடல்

மெல்பர்னிலும் லண்டனிலும் டொரண்டோவிலும் பாரிசிலும் நியூ ஜெர்சியிலும் குடியிருக்கும் அண்ணாச்சிமாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே,

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். ஓட்டல் தொழிலில் பல வருடம் ஐரோப்பாவில் இருந்து, எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று விருந்தினருக்கு எடுத்துச் சொல்லும் வேலையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அந்தக் காலத்தில் உங்களில் பலருடைய வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். வீட்டு ஆட்கள் மட்டும் இருந்தால் ஒரு சமையல், அந்த ஊர் நண்பர்கள் ஒயின் பாட்டிலோடு வந்தால் வேறு சமையல். விருந்தாளி வரும் நாளில் சொதி கிடையாது, மீன்குழம்பு கிடையாது. கருவாடு வறுத்த வாடை போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஜன்னலைத் திறந்து வைத்துவிடுகிறீர்கள். மேசையில் சீஸ் துண்டுகளும் அடுப்பில் சுட்ட கோழியும் வந்து உட்கார்கின்றன. கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறீர்கள்: நம்ம சாப்பாட்டுக்கு ஒயின் ஒத்துவராது.

ஒத்துவரும். நன்றாகவே ஒத்துவரும். எந்த ஊர் ஒயின் என்று தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதை விளக்கவே இந்த மடல்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குடிக்காதவரைக் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. குடியால் சீரழிந்த வீடுகள் நம் தெருக்களில் எத்தனை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏற்கெனவே மேசையில் ஒயின் வைக்கிற வீடுகளுக்குத்தான் எழுதுகிறேன். அந்த மேசையில் நம் சாப்பாடு கூச்சத்தோடு பின்கட்டில் நிற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

புளியிலிருந்து தொடங்குவோம். நம் சமையலைக் கண்டு ஒயின்காரர்கள் பயப்படுவது புளியால்தான். ஆனால் புளியின் புளிப்பில் பெரும்பங்கு டார்டாரிக் அமிலம். திராட்சைக்கும் அதுவேதான் முக்கிய அமிலம். எலுமிச்சையின் புளிப்பு சிட்ரிக் அமிலம், ஆப்பிளின் புளிப்பு மாலிக் அமிலம். டார்டாரிக் அமிலம் இத்தனை நிறைய இருக்கும் பழங்கள் உலகத்தில் மிகக் குறைவு. அவற்றில் இரண்டு புளியும் திராட்சையும். வெள்ளை ஒயின் பாட்டிலின் அடியில் சில சமயம் கண்ணாடித் துகள் போலப் படிந்திருக்குமே, அது இந்த அமிலத்தின் உப்புதான். அந்த உப்பை வைத்து ஐரோப்பியச் சமையல்காரர்கள் செம்புப் பாத்திரம் துலக்குவார்கள். நம் வீட்டில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதும் அதே வேதியியல்தான்.

ஆக, புளிக்குழம்பும் ஒயினும் தூரத்துச் சொந்தம் இல்லை, நெருங்கிய உறவு. இதில் ஒரே ஒரு விதிதான் உண்டு: சாப்பாட்டின் புளிப்பைவிட ஒயினின் புளிப்பு குறைந்துவிடக் கூடாது. குறைந்தால் ஒயின் சப்பென்று ஆகி, வாயில் தண்ணீர் போல நிற்கும். கலிபோர்னியாவின் நாப்பாவிலும் ஆஸ்திரேலியாவின் பரோசாவிலும் வெயில் அதிகம். அங்கே திராட்சை முற்றிப் பழுத்து, சர்க்கரை ஏறி, புளிப்பு இறங்கிவிடும். அந்தச் சர்க்கரை முழுவதும் நொதித்தால் சாராயச் சத்து 14, 15 சதவீதம் வரை போகும். விலை அதிகம் என்பதால் விருந்தாளி வரும் நாளில் நீங்கள் வாங்கி வைப்பது பெரும்பாலும் அந்தக் கனத்த சிவப்பு ஒயினைத்தான். மிளகாயின் காரத்தை உணர்கிற நரம்பு முனைகளையே சாராயமும் தூண்டுகிறது; இரண்டும் சேர்ந்தால் காரம் இரட்டிப்பாகத் தெரியும். சிவப்பு ஒயினில் தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும் இறங்கும் துவர்ப்பு அதோடு சேர்ந்து நாக்கை வறட்டிவிடும். ஒத்துவராது என்று நீங்கள் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. குற்றம் குழம்பின்மேல் இல்லை, பாட்டில் தேர்வில்தான்.

நம் ஆற்றங்கரைக்கு ஒயின் புதிதும் இல்லை. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த கொற்கையை, கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட எரித்திரேயக் கடல் பயண நூல் கொல்கி என்ற பெயரில் பாண்டியரின் முத்துக்குளித் துறையாகச் சொல்கிறது. அதே நூல், மேற்குக் கரையில் பாண்டியருக்கு உரிய துறைக்கு வந்திறங்கிய சரக்குகளில் ஒயினையும் சேர்க்கிறது; அளவு அதிகம் இல்லை என்பதையும் குறித்து வைத்திருக்கிறது. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனுக்கு யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த நறுமண மதுவைப் பொன்கிண்ணத்தில் ஊட்டுவதை நக்கீரர் பாடுகிறார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்த மதுச்சாடி ஓடுகளில் சில, கிரேக்கத்தின் கோஸ் தீவுச் சாடி வகையைச் சேர்ந்தவை. கோஸ் தீவின் ஒயினில் கடல்நீர் கலப்பது வழக்கம். உப்புச் சுவையுள்ள ஒயின் ஒன்று இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே தமிழ்க் கடற்கரையில் இறங்கியிருக்கக்கூடும். இன்றைக்குக் கொற்கை கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வயலுக்கு நடுவே ஒரு சிற்றூராக இருக்கிறது.

இனி சொதிக்கு வருவோம். கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு நம் பக்கத்துச் சைவ வீடுகளில் வைக்கும் சொதி. முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தேங்காயைப் பிழிந்து, பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் போட்டு, பச்சை மிளகாயும் இஞ்சியும் பூண்டும் அரைத்து விட்டு, இறக்கியபின் எலுமிச்சை பிழிவது. பக்கத்தில் இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். இதற்கு ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரை ரீஸ்லிங்கை விட்டால் வேறு ஒயினை நான் சொல்ல மாட்டேன்.

மோசல் பள்ளத்தாக்கு வடக்கே குளிர்ப் பிரதேசத்தில் இருக்கிறது. அங்கே திராட்சை பழுக்கவே போராட வேண்டும். அதனால் ஆற்றைப் பார்த்து நிற்கும் செங்குத்தான சரிவுகளில் கொடியை நடுகிறார்கள். பிரெம் என்ற ஊரின் கால்மோன்ட் தோட்டத்தில் சரிவு 65 டிகிரி வரை போகிறது. ஆள் நிற்கவே சிரமம். மண் முழுக்கப் பலகைக்கல் சில்லுகள். பகல் வெயிலை அந்தக் கல் உள்வாங்கி இரவில் கொடிக்குக் கொடுக்கிறது. இப்படி மெல்லப் பழுத்த திராட்சையில் சர்க்கரையும் இருக்கும், புளிப்பும் இறங்காமல் இருக்கும். நொதிப்பை இடையில் நிறுத்திக் கொஞ்சம் இனிப்பை மிச்சம் வைக்கிற காபினெட் வகையில் சாராயச் சத்து 8, 9 சதவீதம்தான். தேங்காய்ப்பாலின் கொழுப்பை அந்தப் புளிப்பு வெட்டும். பச்சை மிளகாயின் காரத்தை அந்தச் சிறு இனிப்பு தணிக்கும். எலுமிச்சையும் இஞ்சியும் ஒயினிலேயே வாசமாக இருக்கும். கடையில் வாங்கும்போது லேபிளில் ‘ட்ரோக்கன்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப் போட்டிருந்தால் இனிப்பே இல்லை என்று பொருள். சொதிக்கு அது வேண்டாம். காபினெட் என்றோ, இன்னும் முற்றிப் பறித்த ‘ஸ்பேட்லேஸே’ என்றோ இருந்தால் எடுக்கலாம்.

சொதி மட்டுமில்லாமல் முழு இலைச் சாப்பாடே போடுகிறீர்கள் என்றால் யோசனை வேறு. ஐரோப்பியச் சாப்பாடு ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயின் மாற்றலாம். நம் இலையில் அவியலும் பச்சடியும் ஊறுகாயும் பாயசமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் ருசி மாறும். அதனால் எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும் ஒரே ஒயின் போதும். பிரான்சின் லுவார் ஆற்றங்கரையில் வூவ்ரே என்ற ஊரில் செனின் பிளாங்க் திராட்சையில் செய்யும் பாதி இனிப்பு வகையை எடுங்கள். கையில் வேறெதுவும் இல்லையென்றால் குமிழிவிடும் ஒயின் எதுவானாலும் பாதகமில்லை. குமிழி நாக்கைத் துடைத்துவிடும்.

மீனுக்குச் சிவப்பு ஒயின் ஆகாது என்பது வெறும் சம்பிரதாயம் என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச் சத்து மீனின் எண்ணெயோடு சேர்ந்து கவிச்சையைக் கிளப்புகிறது என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் காட்டினார்கள். ஆகவே தேங்காய் அரைத்துப் புளி விட்ட நம் பாறை மீன் குழம்புக்கும் விளமீன் குழம்புக்கும் வெள்ளை ஒயின்தான். அதிலும் புளிப்பு கூடுதலானது. போர்ச்சுகலின் வடமேற்கு மூலையில் மழை நிறையப் பெய்யும் மின்யோ பகுதியில் ‘வின்யோ வெர்தே’ என்று ஒன்று செய்கிறார்கள். மெலிந்த உடம்பு, நாக்கைச் சுண்டும் புளிப்பு, லேசான குமிழி, குறைந்த விலை. மீன்குழம்பும் சோறும் மட்டும் உள்ள ஒரு மதியத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? முத்துக்குளித்துறைக்குப் போர்ச்சுக்கீசியர் வந்து கிட்டத்தட்ட ஐந்நூறு வருடம் ஆகிறது. புன்னைக்காயலிலும் மணப்பாட்டிலும் அவர்கள் சுவடு இன்னும் இருக்கிறது. அவர்கள் ஊர் ஒயின் நம் குழம்போடு சேர்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கருவாட்டுக்கும் நெத்திலி வறுவலுக்கும் ஸ்பெயினின் தென்கோடிக்குப் போக வேண்டும். குவாதல்கிவிர் ஆறு கடலில் சேரும் இடத்தில் சான்லூகர் தெ பராமேதா என்ற துறைமுகம் இருக்கிறது. கடலோடி மெகல்லன் 1519-இல் கடலில் இறங்கியது அங்கிருந்துதான். அங்கே ‘மான்சனியா’ என்ற ஒயினைப் பீப்பாயில் முழுக்க நிரப்பாமல் விடுவார்கள். மேலே ஈஸ்ட் ஒரு வெள்ளை ஆடை போலப் படரும். கடல் காற்றின் ஈரத்தால் அந்த ஆடை அந்த ஊரில் கூடுதல் கெட்டியாக நிற்கும். ஆடைக்கு அடியில் வருடக்கணக்கில் கிடந்த ஒயினில் உப்பும் பாதாம் பருப்பும் கடல் வாடையும் வரும். ஊர்க்காரர்கள் அதைப் பொடிமீன் வறுவலோடும் இறாலோடும்தான் குடிக்கிறார்கள். புன்னைக்காயலில் காய்ந்த நெத்திலிக் கருவாட்டை மொறுமொறுவென்று வறுத்து, சின்ன வெங்காயத்தை நறுக்கித் தூவி, நன்றாகக் குளிரவைத்த மான்சனியாவோடு வையுங்கள். உங்கள் ஸ்பானிய நண்பர் கருவாட்டு வாடைக்கு முகம் சுளிக்க மாட்டார். எங்கே கிடைக்கும் என்று கேட்பார். சாராயச் சத்து 15 சதவீதம் இருப்பதால் சிறிய கோப்பையில் ஊற்றுங்கள். காரக் குழம்போடு வேண்டாம், வறுவலோடு மட்டும்.

உளுந்தஞ்சோற்றைப் பற்றிச் சொல்லாமல் போனால் எங்கள் அம்மை மன்னிக்க மாட்டாள். தொலி உளுந்தும் அரிசியும் வெந்தயமும் பூண்டும் தேங்காய்த் துருவலும் சேர்ந்து வெந்த சோறு, கூட எள்ளுத் துவையல். சாதாரண வெள்ளை ஒயின் இதன் முன்னால் நிற்காது. ஜார்ஜியா நாட்டில் முட்டை வடிவத்தில் ஆளுயரத்துக்கும் மேலான மண்தாழிகளைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, வெள்ளைத் திராட்சையைத் தோலோடும் கொட்டையோடும் அதற்குள் போட்டு மாதக்கணக்கில் மூடிவைப்பார்கள். அந்தத் தாழிக்குப் பெயர் க்வெவ்ரி. அந்த முறையை 2013-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. அந்த நாட்டில் கிடைத்த சுமார் 8000 வருடப் பழைய பானை ஓடுகளில் திராட்சை ஒயினின் தடயம் இருக்கிறது. தாழி ஒயின் தேன் நிறத்தில், லேசான துவர்ப்போடு இருக்கும். ஜார்ஜியர்கள் வால்நட் பருப்பைப் பூண்டோடு அரைத்துக் கத்தரிக்காயிலும் கீரையிலும் சேர்த்து அதோடு சாப்பிடுகிறார்கள். எண்ணெய் கசியும் பருப்பும் பூண்டும் மிளகாயும் அம்மியில் சேர்வது அவர்களுக்கும் அன்றாடம், நமக்கும் அன்றாடம். அதனால்தான் எள்ளுத் துவையலோடு அந்த ஒயின் இத்தனை இயல்பாகச் சேர்கிறது. காக்கேத்தி பகுதியின் ர்கத்சிதெலி திராட்சை என்று கேட்டு வாங்குங்கள்.

பரோட்டா சால்னாவுக்கு இத்தாலியின் லாம்ப்ருஸ்கோ. நுரைக்கிற சிவப்பு, குளிரவைத்துக் குடிப்பது, எண்ணெயை அறுக்கும். ஆட்டுக்கறிக் குழம்புக்குப் பிரான்சின் பொஜலே. துவர்ப்பு குறைந்த சிவப்பு. இந்த இரண்டுக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஒயின் ஊர்கள் எதனால் பெயர் பெற்றன என்பது அங்கேதான் இருக்கிறது. லிஸ்பனுக்குப் பக்கத்தில் அட்லாண்டிக் கடலோரம் கொலாரெஸ் என்று ஒரு சின்ன ஒயின் பகுதி. முழுக்கக் கடல் மணல். மணலைப் பல அடி ஆழம் தோண்டி, அடியில் உள்ள களிமண்ணில் கொடியை ஊன்றி, கொடி வளர வளர மணலை மூடிக்கொண்டே வருவார்கள். 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலோக்சரா என்ற பூச்சி வேரைத் தின்று ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியபோது, கொலாரெஸ் தப்பியது. அந்தப் பூச்சியால் மணலில் நகர முடியாது. ஐரோப்பாவில் இன்று பெரும்பாலும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டிய கொடிகள். கொலாரெஸில் சொந்த வேரில் நிற்கும் கொடிகள். 1908-லேயே அந்தப் பகுதிக்கு எல்லை வகுத்துச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தார்கள். அப்படியும் லிஸ்பன் நகரத்து வீடுகள் பரவிப் பரவி, தோட்டங்கள் மிகச் சுருங்கிவிட்டன.

இதை முதலில் கேட்டபோது எனக்கு நம் தேரிதான் நினைவுக்கு வந்தது. சாத்தான்குளம், உடன்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் பரந்து கிடக்கும் செம்மணல். இரும்புச் சத்தால் சிவந்த மணல். வேறு பயிர் ஏறத் தயங்கும் அந்த மணலில் பனை மட்டும் வேரை இறக்கி நிற்கிறது. பாளையைச் சீவி, உள்பக்கம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டினால் இறங்குவது பதநீர். சுண்ணாம்பு நொதிப்பைத் தடுத்துவிடுகிறது. சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் இறங்கினால் கள். அதற்குத் தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் தடை. பனையேறி ஒவ்வொரு மரத்திலும் காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும். பங்குனி, சித்திரையில் அந்தப் பதநீரை ஓலைப் பட்டையில் ஊற்றி நுங்கு போட்டுக் குடித்தவர்கள் நீங்கள். மண், பருவம், கைத்திறன் மூன்றும் ஒரு பானத்தில் தெரியும் என்று ஒயின்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, அது உங்களுக்குப் பட்டையின் விளிம்பில் வாய் வைத்தபோதே தெரியும். வீட்டுமனைக்கும் செங்கல் சூளைக்கும் அந்த மரங்கள் எத்தனையோ விழுந்துவிட்டன. மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று தமிழ்நாடு அரசு அறிவித்ததே 2021-இல்தான்.

இனிப்புக்கு வருகிறேன். இங்கே விதி ஒன்றே: இனிப்புப் பண்டத்தைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒயின் கசக்கும். திருநெல்வேலி அல்வாவோடு சாதாரண ஒயினை வைத்து அதைப் பாழாக்காதீர்கள். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யுமாகக் கிண்டி, நெய் பிரிந்து வரும் வரை விடாத அந்தப் பண்டத்துக்கு இனிப்பும் வேண்டும், நெய்யை அறுக்கப் புளிப்பும் வேண்டும். இரண்டும் கூடியது மதெய்ரா.

அட்லாண்டிக்கில் உள்ள ஒரு தீவின் ஒயின் அது. கப்பலில் கெடாமல் இருக்க அதில் சாராயம் சேர்த்தார்கள். வெப்பக் கடல்களைக் கடந்து இந்தியாவுக்குப் போன பீப்பாய்களில் சில விற்காமல் திரும்பி வந்தபோது, கெட்டுப்போகாமல் ருசி கூடியிருப்பதைக் கண்டார்கள். அதன்பின் ருசிக்காகவே பீப்பாய்களைக் கப்பலேற்றிச் சுற்றிவரச் செய்தார்கள். இன்றைக்குக் கப்பலுக்குப் பதில் தீவிலேயே சூடான தொட்டிகளிலும் வெயில் காயும் மாடிகளிலும் வைத்து அதே பக்குவத்தை வரவழைக்கிறார்கள். வெயில் கெடுக்காத ஒயின் என்பதால் திறந்த பாட்டில் மாதக்கணக்கில் நிற்கும். தீபாவளிக்குத் திறந்து பொங்கல் வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். லேபிளில் ‘புவால்’ அல்லது ‘மால்ம்சி’ என்று இருப்பதை எடுங்கள். அவைதான் இனிப்பு கூடியவை. தூத்துக்குடி மக்ரூனுக்கும் அதுவேதான். முட்டை வெள்ளையும் முந்திரியும் சர்க்கரையும் சேர்ந்த அந்தப் பண்டமே போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது என்பார்கள்.

மெல்பர்ன்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரக் காரோட்டத்தில் ரதர்க்ளென் இருக்கிறது. அங்கே மஸ்கட் திராட்சையைக் கொடியிலேயே வற்றவிட்டுப் பறித்து, சாராயம் சேர்த்து, வெயிலில் கொதிக்கும் தகரக் கொட்டகைகளில் பீப்பாயிலேயே வருடக்கணக்கில் வைக்கிறார்கள். நிறம் கருப்பட்டிப் பாகு. வாசம் உலர்ந்த திராட்சையும் காய்ச்சிய சர்க்கரையும். உடன்குடிக் கருப்பட்டியில் செய்த பணியாரத்தோடு அதை ஒரு முறை குடித்துப் பார்த்தால் இரண்டும் பிரிய மனமில்லாமல் நிற்கும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையும் மஸ்கட் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஊரின் பெயரைக் காப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். போர்ச்சுகலின் தோரு ஆற்றங்கரைக்கு 1756-இல் எல்லை வகுத்தவர் பொம்பால் பிரபு. உலகில் முதன்முதலாகச் சட்டம்போட்டு ஒழுங்குபடுத்திய ஒயின் பகுதிகளில் அது ஒன்று. காரணம் கலப்படம். அந்தப் பகுதியின் போர்ட் ஒயினுக்கு நிறம் ஏற்ற வணிகர்கள் எல்டர்பெர்ரிப் பழச்சாற்றைக் கலந்தார்கள். பெயர் கெட்டு விலை விழுந்தது. எல்லைக் கற்களை நட்டார்கள், எல்டர்பெர்ரிச் செடிகளைப் பிடுங்கி எறியச் சொன்னார்கள். அந்த உறுதியில்தான் இன்றுவரை அந்தப் பெயர் நிற்கிறது.

நம் கருப்பட்டிக்கும் அதே நோய். சீனிப்பாகு கலந்த கருப்பட்டி உடன்குடிப் பெயரில் கடைகடையாகக் கிடக்கிறது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தாமிரபரணித் தண்ணீரில் விளையும் ஆத்தூர் வெற்றிலைக்கும் அதே வருடம், கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல். கல் நட்டாயிற்று. ஆனால் கேட்டு வாங்குகிற ஆள் இல்லாவிட்டால் அந்தக் குறியீடு காகிதத்தோடு நின்றுவிடும். ஒரு பாட்டில் ஒயினுக்கு எந்தக் கிராமம், எந்தச் சரிவு, எந்த வருடம் என்று லேபிளைத் திருப்பித் திருப்பிப் படிக்கிற நீங்கள், ஊருக்கு வரும்போது கருப்பட்டியை மட்டும் ஏன் ஊர் பேர் கேட்காமல் வாங்குகிறீர்கள்? எந்தத் தேரிப் பனை, எந்த மாதம் காய்ச்சியது, சீனி கலந்ததா என்று கேளுங்கள். விலை கூடுதலாகச் சொன்னால் கொடுங்கள். காலையும் மாலையும் மரமேறுகிற ஒரு மனிதருக்கு அது நியாயமான கூலி. ஒரு நல்ல ஒயினுக்குக் கொடுக்கும் பணத்தில் நிறையக் கருப்பட்டி வாங்கிவிடலாம். விருந்துக்கு வரும் நண்பருக்கு அதில் ஒரு வட்டைக் கையில் கொடுத்து, எந்த மணலிலிருந்து வந்தது என்று நீங்களே சொல்லுங்கள். அவர் கொண்டுவந்த பாட்டிலைப் பற்றி அவர் சொல்வது போலவே.

நான் தொடாத பண்டங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. கூட்டாஞ்சோறு, செங்கோட்டைப் பக்கத்துப் பிச்சுப்போட்ட கோழி, கார்த்திகைக்கு ஓலையில் அவிக்கும் கொழுக்கட்டை என்று ஒவ்வொருவர் வீட்டிலும் ஒன்று இருக்கும். உங்கள் மேசையில் எது எதோடு சேர்ந்தது, எது சேரவில்லை என்று எழுதுங்கள். ஒயினின் ஊர், திராட்சை, வருடம் மூன்றையும் குறிப்பிடுங்கள். குழம்பில் தேங்காய் அரைத்து விட்டதா பால் பிழிந்து விட்டதா, புளி புதுசா பழசா என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள். பாட்டிலைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து உங்களில் ஒருவன்